பரிமளத்தின் வாளிக்கு ஒரு பிடி உப்பு

“எழும்பி நில்லுங்கோ, மாஸ்டர்.”

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்று இல்லை. சொன்னவர் குருநகர் சூசை. சொல்லும்போது அவர் தமது வத்தைத் தோணியின் விளிம்பில் குந்தியிருந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நான் அந்த வத்தைக்குப் பக்கத்தில், கடலுக்குள், செத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி போய்விட்டது. ஒரு செருப்பும் போய்விட்டது. மகளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தபோதெல்லாம் கடல் உள்ளே வந்தது. சூசை இரண்டாம் முறையும் சொன்னார். கடைசி வாங்குப் பலகையில் இருக்கும் மந்தமான பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, அவசரப்படாமல் சொன்னார்.

எழும்பி நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழம் குறைந்தது என்று இருபது வருஷமாக வகுப்பில் படிப்பித்து வந்தவன் நான். அதை மறந்துபோன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிற்க வைத்தவனும் நான்தான்.

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்து விருந்தைப் பற்றி எழுதியதை வாசித்த அன்பர் ஒருவர், “மாஸ்டர் எப்போதாவது துணிந்து ஒரு காரியம் செய்ததுண்டா?” என்று கேட்டு அஞ்சலட்டை போட்டிருக்கிறார். இந்த அத்தியாயம் அவருக்கு. கடலில் பாய்ந்திருக்கிறேன் ஐயா. மூழ்கியும் இருக்கிறேன், இடுப்பளவு தண்ணீரில்.

தண்டனைத் தீவு

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. வெளிநாட்டிலிருந்து மிளகாய் வருவது நின்றதால், செத்தல் மிளகாய் விற்று எங்கள் பகுதிக் கமக்காரர் கல்வீடு கட்டினார்கள். நாங்கள், படித்தவர்கள், சீனி வாங்கும் பங்கீட்டு முத்திரையைப் பத்திரமாக வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தோம்.

எங்கள் ஒரே மகள் ஜீவா ஆசிரியை ஆனாள். முதல் நியமனமே நெடுந்தீவு.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குத் தீவில் வேலை கிடைத்தால், வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருவார்கள். எங்களுக்கும் வந்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். “என்ன செய்யிறது, எல்லாம் ஆண்டவன் விட்ட வழி” என்று சொல்லி, பிஸ்கட்டையும் முடித்துவிட்டுப் போனார்கள். அன்றே இடமாற்றத்துக்கான வேலையைத் தொடங்குவதுதான் தகப்பனுடைய கடமை. நானும் தொடங்கினேன். அலுவலகம், மேலலுவலகம் என்று கந்தோர் கந்தோராக ஏறினேன். என்னிடம் படித்தவர்களைத் தேடிப் போய், அவர்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாங்கில் ஏற்றப்பட்டவர்களில் சிலர் என்னை நெடுநேரம் நிற்க வைத்தார்கள். நியாயந்தான்.

இரண்டு வருஷத்தில் உத்தரவு கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கொக்குவிலிலேயே பள்ளிக்கூடம். என் மனைவி ஞானம் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினாள். பிறகு எழும்பி, மாப்பிள்ளை பார்க்கத் தரகருக்கு ஆள் அனுப்பினாள்.

ஜீவாவிடமிருந்து பதில் வந்தது. “ஐயா, நான் வரேலாது. இங்கே எனக்கு இரண்டு குதிரைகள் இருக்கின்றன.”

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை ஞானம் வாசித்தாள். “குதிரை எண்டு ஆற்றையோ பட்டப்பேரோ?” என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் அறிமுகம்

பட்டப்பெயர் அல்ல. நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் உண்டு. பறங்கியர் காலத்திலோ ஒல்லாந்தர் காலத்திலோ கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை, மேய்ச்சல் வெளியில் கூட்டமாகத் திரிபவை. மழை பொய்த்த வருஷங்களில் தண்ணீர் இல்லாமல் சாகும். அப்படி ஒரு வருஷத்தில் தாய்கள் செத்துப்போன இரண்டு குட்டிகளை என் மகளும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றி வளர்த்திருக்கிறார்கள். அவள் தங்கியிருந்த வீட்டுக்காரருக்குச் சொந்தமான குட்டிகள். “பிழைச்சால் உனக்கு, பிள்ளை” என்று அவர் பெரிய மனதோடு கொடுத்திருக்கிறார். பிழைக்காது என்ற நம்பிக்கையில் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

ஆண்குட்டிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். பள்ளிக்கூடம் பார்க்க வருகிறவரைப்போலச் சொல்லாமல் வரும், சுற்றிப் பார்க்கும், கிடைத்ததைத் தின்னும், ஒன்றும் சொல்லாமல் போகும். பெண்குட்டி பரிமளம். அந்தப் பெயருக்குக் காரணம் கிடையாது. மணமும் கிடையாது.

“குதிரையளையும் கொண்டுவாறதெண்டால் வருவியோ?” என்று எழுதிக் கேட்டேன். “கொண்டுவந்தால் வருவேன். எங்கள் வீட்டு வளவில் இருக்கட்டும், நானும் அங்கேயே இருப்பேன்” என்று எழுதினாள். பேரம் முடிந்தது. இரண்டு குதிரைகளுக்கு ஒரு மகள். மலிவாக முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஞானம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “குதிரையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?”

தெரியும் என்றேன். சிறுவயதில் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் படுக்கைக்கூடம் முன்பு வெள்ளைக்காரப் போதகரின் குதிரை லாயமாக இருந்த கட்டடம். சுவரில் கடிவாளம் மாட்டும் ஆணி இருந்தது. அதில் நான் நாலு வருஷம் சட்டை மாட்டினேன். மழை நாளில் கொழுந்துப் புல் மணம் சுவரிலிருந்து வருவதாகப் பையன்கள் சொல்வார்கள். எனக்கு வந்ததெல்லாம் பக்கத்துப் பாயில் படுத்தவனுடைய காலின் மணம். குதிரையோடு எனக்கிருந்த உறவு அவ்வளவுதான். ஆனாலும் ஞானத்திடம் அதைப் பரம்பரைத் தொழில்போலச் சொன்னேன்.

நன்னடத்தைப் பத்திரம்

நெடுந்தீவுக்குப் போய் இறங்கியபோது ஜீவாவை எனக்கு அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லை. வெயிலில் கறுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு சுருள் தும்புக் கயிற்றோடு நின்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, “தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லையோ?” என்று கேட்டேன். தகப்பன்மார் கேட்பது அதைத்தான்.

அவள் தந்த தேத்தண்ணீர் உப்புக் கரித்தது. அவள் இருந்த பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர்த் தண்ணீர். நான் என்னுடையதில் பாதியை வேலியோரம் ஊற்றினேன். அவள் தன்னுடையதை ரசித்துக் குடித்தாள்.

ஊர் அதிகாரியான விதானையார் குதிரைகளுக்கு ஒரு கடிதம் தந்தார். “இதனைக் கொண்டு வரும் இரண்டு குதிரைகளும் என்னால் நன்கு அறியப்பட்டவை. களவுபோனவை அல்ல. நன்னடத்தை உள்ளவை.” அவர் வழக்கமாக எழுதும் கடிதம் அதுதான், ஆளின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். என் கையில் அந்த அளவு நல்ல பத்திரம் ஒருநாளும் இருந்ததில்லை.

சூசையின் வத்தை, பாய் கட்டிய பெரிய சரக்குப் படகு, கிடுகும் ஓலையும் மாடும் ஏற்றுவது. மாட்டை ஏற்றுவதுபோலவே குதிரையையும் ஏற்றலாம் என்று சூசை சொன்னார். அடியில் மணல் பரப்பி, கண்ணுக்குச் சாக்குக் கட்டி, பலகை போட்டு நடத்தினார்கள். இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளைபோல ஏறியது. பரிமளத்தை ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. கரையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரும் கை காட்டவில்லை. அவர்கள் குதிரைகளைப் பார்க்கவில்லை என்பதும், தங்கள் ரீச்சர் ஜீவாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் பாயைப் பார்த்துக்கொண்டேன்.

கடல் அமைதியாக இருந்தது. நான் மட்டும் வத்தையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“மாஸ்டர், நீங்கள் பிடிச்சிருக்கிறதாலைதான் தோணி தாழாமல் வருகுது,” என்றார் சூசை. “விட்டிடாதையுங்கோ.”

குருநகர்க் கோயில் கோபுரம் தெரிந்த பிறகுதான் அது நடந்தது. எதிரே வந்த மோட்டார் லோஞ்சு ஒன்று ஊதியது. பரிமளம் சாக்கை உதறி, காலில் கட்டிய கயிற்றை அறுத்து, கடலில் பாய்ந்தது. அதன் கழுத்துக் கயிற்றின் மறுமுனை ஜீவாவின் கையில் சுற்றியிருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் என் மகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

மற்றதை முதலே சொல்லிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கும் வரவில்லை. நான் எழும்பி நின்று முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, ஜீவா குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து கரைக்குப் பாதித் தூரம் போயிருந்தாள். திரும்பிப் பார்த்து, “ஐயா, நீங்கள் ஏன் இறங்கினியள்?” என்று கேட்டாள்.

வருஷங்கள் போய்விட்டன. இன்றும் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினால் அந்த வெறும் இடம் தெரியும். அவள் இருந்து, பிறகு இல்லாமற்போன அந்த ஒரு முழப் பலகை. உடனே நிமிர்ந்துவிடுவேன். தண்ணீர் இடுப்பளவுதான் என்று நெஞ்சுக்குச் சொன்னால் அது கேட்பதில்லை.

நகர்வலம்

லொறிக்குப் பெற்றோல் இல்லை. நடத்தித்தான் கொண்டுபோனோம். முன்னால் ஜீவா இரண்டு குதிரைகளோடு. பின்னால் நான், நனைந்த வேட்டியும் ஒற்றைச் செருப்புமாக. பெரிய கடை வீதியில் ஒருவர், “மாஸ்டர், சேர்க்கஸ் எந்த வெளியிலை?” என்று மரியாதையாகக் கேட்டார். கொக்குவில் ரயில் கடவையில் படலை பூட்டியிருந்தது. கொழும்பு ரயில் இரைந்து போனபோது இரண்டும் அசையவில்லை. படலை திறந்ததும், எதிரே சைக்கிளில் வந்தவர் பிடித்த குடையைக் கண்டு இன்ஸ்பெக்டர் வெருண்டு மதிலோரக் கழிவுநீர்க் கானுக்குள் இறங்கியது.

ஞானம் நல்ல சேலை உடுத்தி வாசலில் நின்றாள். மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“கடலிலை விழுந்தது குதிரையோ, நீங்களோ?”

“நான் பாய்ஞ்சனான்,” என்றேன்.

“ஓ,” என்றாள். அந்த ஒரு எழுத்தை அவள் இன்றுவரை திருப்பி எடுக்கவில்லை.

நல்ல தண்ணீர் உபசாரம்

எங்கள் வளவுக் கிணறு பேர்போனது. கற்கண்டு போட்டதுபோலத் தண்ணீர். பக்கத்து வளவு பரமலிங்கம், ரயிலில் கார்ட் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், தமது கிணறு சற்றுக் கரிப்பு என்று தினமும் காலையில் செம்போடு வந்து தேத்தண்ணீருக்கு எங்கள் தண்ணீரைத்தான் கொண்டுபோவார். யாழ்ப்பாணத்தானுக்கு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தால் அவன் காணியைப் பற்றிப் பேசமாட்டான், கிணற்றைப் பற்றித்தான் பேசுவான். நானும் அப்படித்தான். தீவிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு முதல் உபசாரமாக, புது வாளியில், அந்தத் தண்ணீரை நானே அள்ளி வைத்தேன்.

பரிமளம் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. இன்ஸ்பெக்டர் வாளியைக் காலால் தட்டி ஊற்றியது.

அன்றும் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. வாளியை மாற்றினோம். மண்பானை வைத்தோம். ஞானம் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைத்தாள். பரமலிங்கம் வந்து பார்த்து, “ஆற்றையோ கண்ணூறு பட்டிட்டுது” என்று சொல்லிவிட்டுச் செம்பை நிரப்பிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பரிமளத்தின் கண்கள் உள்ளே போய், வயிறு ஒட்டிவிட்டது. ஜீவா பள்ளிக்கூடத்துச் சனிக்கிழமை வகுப்பு முடித்து வந்து, சேலை மாற்றாமல் அதன் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

“ஐயா, உதுகளைத் திருப்பிக் கொண்டுபோகப் போறன்.”

“போய்?”

“போய் அங்கை இருக்கப் போறன்.”

இரண்டு வருஷம் கந்தோர் ஏறியது, கடலில் விழுந்தது, எல்லாம் அந்த வாளியில் ஆடாமல் கிடந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. தேவாலயப் பூசை முடித்து, சலவைச் சட்டையோடு சூசை, குதிரை கட்டத் தந்த தமது கயிற்றைத் திருப்பி வாங்க வந்தார். வெயிலில் வந்தவருக்கு ஞானம் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, பரிமளம் திருப்பியதுபோலவே முகத்தைத் திருப்பினார்.

“உது தண்ணியே, தங்கச்சி? சப்பெண்டு கிடக்குது.”

“எங்கடை கிணத்துத் தண்ணியையோ சொல்லுறியள்?” என்றேன் நான்.

“கோவியாதையுங்கோ, மாஸ்டர். உவர்த் தண்ணியிலை வளந்த வாய்க்கு உது இறங்காது. உந்த வாயில்லாச் சீவனுகளுக்கும் ஒரு பிடி உப்புப் போட்டுக் குடுத்துப் பாருங்கோ.”

ஒரு பிடி கல்லுப்பைக் கரைத்து வைத்தோம். பரிமளம் ஒரே மூச்சில் வாளியின் அடியைக் கண்டது.

உப்பு மாஸ்டர்

அன்றுமுதல் தினமும் நான் கிணற்றடியில் நின்று, குடாநாட்டின் மிக நல்ல தண்ணீரை அள்ளி, என் கையாலேயே அதைக் கெடுத்தேன். கிணறு உவராகிவிடுமோ என்று எங்கள் சனம் உறக்கமில்லாமல் கிடக்கிற ஊரில்! பரமலிங்கம் செம்போடு வந்தபோது என் கையில் உப்புச் சிரட்டை இருந்தது. அவர் வெறும் செம்போடு திரும்பிப் போனார். அதோடு வருவதை நிறுத்தினார். ஒரு கிழமைக்குள், “மாஸ்டர் கிணத்துக்கை உப்புக் கொட்டுறாராம், கடலிலை விழுந்த பிறகு இப்பிடி” என்று கொக்குவில் முழுவதும் கதை போய்விட்டது. துக்கம் விசாரிக்க மறுபடி வந்தார்கள். பிஸ்கட் இந்த முறை கொடுக்கவில்லை.

நான் கவலைப்படவில்லை. எனக்கொரு திட்டம் இருந்தது. தினமும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். குதிரைகளுக்கே தெரியாமல் அவற்றைக் கொக்குவில் தண்ணீருக்குப் பழக்கினேன். பிடி அரைப்பிடியாகி, அரைப்பிடி சிட்டிகையாகியது. இரண்டும் குடித்தன, கொழுத்தன, ஞானத்தின் செவ்வரத்தைப் பூஞ்செடியைத் தின்றன. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“பிள்ளை மெலிஞ்சு போறாள்,” என்றாள் ஞானம். “தேத்தண்ணியை அப்பிடியே வைச்சிட்டு எழும்புறாள். கதைக்கிறதும் இல்லை.”

“சீனி காணாதாக்கும்,” என்றேன். என் பங்குச் சீனியையும் அவளுக்குப் போடச் சொன்னேன். குதிரை குடிக்காதபோது மூன்று நாள் சோறு இறங்காமல் யோசித்தவன், மகள் குடிக்காதபோது கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

ஒரு பின்னேரம் வாளியை எடுக்கப் பின்வளவுக்குப் போனேன். ஜீவா வாளிக்கு முன்னால் குந்தியிருந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பரிமளம் தன் முறைக்குக் காத்து நின்றது.

என்னைக் கண்டதும் எழும்பவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“உப்பைக் குறைச்சிட்டியள் போலை, ஐயா.”

“குதிரையளுக்குப் பழகீட்டுது.”

“ஓம்,” என்றாள். “குதிரையளுக்குப் பழகீட்டுது.”

அவளுக்கு அந்த இடமாற்றத்தை வாங்கித் தந்தது நான். குதிரையைச் சாக்குச் சொல்லாமல், அதை நேரே வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை என்பதை, வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கிக்கொண்டேன். மேய்ச்சல் வெளி, பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், உப்புத் தேத்தண்ணீர், இடுப்பில் கயிற்றோடு அவள் சிரித்த சிரிப்பு. எதை எந்தச் சிரட்டையால் அளந்து, எத்தனை நாளில் குறைப்பது?

அடுத்த கிழமை கந்தோருக்குப் போனேன். என்னிடம் படித்தவர்தான் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

“சேர், ஆக்கள் தீவாலை எடுக்கச் சொல்லித்தான் வாறவை. தீவுக்குப் போடச் சொல்லி வந்த தகப்பன் நீங்கள் ஒராள்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உப்புக் கதை உண்மைதானோ, சேர்?”

“உண்மைதான்,” என்றேன். “கெதியாய்க் கையெழுத்தைப் போடும்.”

இடுப்பளவு

குதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோவதில்லை என்று ஜீவாவே முடிவு செய்தாள். “மழை பொய்ச்சால் அங்கை தவிச்சுப் போயிடுங்கள். இப்ப நல்ல தண்ணியும் பழகீட்டுது. நீங்கள் பாருங்கோ, ஐயா. உங்களுக்குத்தான் தெரியுமே.” அதாவது, மகளுக்காகக் குதிரைகளைக் கொண்டுவந்த நான், குதிரைகளை வைத்துக்கொண்டு மகளை அனுப்பினேன். பேரம் பேசத் தெரிந்தவன் என்று என்னை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஞானம் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனாலும் போகிற அன்று பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்தாள். தரகருக்கு ஆள் அனுப்பி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

குருநகர்த் துறையில் வத்தை புறப்பட்டது. சூசையின் மருமகன் பாய் இழுத்தான். ஜீவா நடுப் பலகையில், முன்பு இருந்த அதே இடத்தில் இருந்து, கை காட்டினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு. இந்த முறை நான் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லவில்லை.

வத்தை சிறுத்துக்கொண்டு போனது. என் கைகள் எதையாவது பிடிக்கத் தேடின. துறைக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். சூசை வந்து பக்கத்தில் நின்றார். பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை.

“பயப்பிடாதையுங்கோ, மாஸ்டர். இடுப்பளவு தண்ணிதான்.”

“ஓம்,” என்றேன்.

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடுப்பளவு அந்தக் கோயில் கோபுரம் கண்ணில் தெரிகிற வரைக்குந்தான். அதற்கப்பால் ஆழம். இருபது வருஷம் படிப்பித்திருக்கிறேன்.